கணினியில ஓடுற ஒன்லைன் ராலியில, ஸ்டேஜ் (ராலியின்ர ஒரு பகுதி ஓட்டம்) நடுவில கரண்ட் போனா சீசன் முடிஞ்சுதா?

முடியேல்ல. 4ஆம் ஸ்டேஜில கரண்ட் போய் உங்கட பெயருக்கு நேர 'விலகல்' எண்டு விழுந்தது அந்த ஒரு ராலியை மட்டும்தான் பாதிக்கும். புள்ளி ராலிக்கு ராலி தனித்தனியாத்தான், கடைசியில கூட்டுறது. டபிள்யூஆர்சி (உலக ராலி சாம்பியன்ஷிப்) முறையைப் பின்பற்றினா முதலாமிடத்துக்கு 25, பிறகு 17, 15 எண்டு இறங்கி, பத்தாமிடத்துக்கும் 1 இருக்கு.

'விலகல்' எண்டு விழுந்ததுக்கு அநேகமா காரணம் இதுதான்: ஸ்டேஜ் ஓடுறது உங்கட கணினியில, முடிவுக்கோடு தாண்டினாத்தான் நேரம் சேர்வருக்குப் போய்ச் சேரும். நடுவில நிண்டா, காரை விட்டு இறங்கினதுக்குச் சமன். திரும்ப ஓட விட்டா ஆக்கள் பாதையைப் பழகிப்போட்டு வந்திருவாங்க. அதால அந்தக் கடுமை நியாயம்தான்.

இப்ப செய்ய வேண்டியது:
1. அந்த ராலியின்ர விதிகளில 'சூப்பர் ராலி' இருக்கோ எண்டு பாருங்கோ. இருந்தா தண்ட நேரத்தோட தொடரலாம்.
2. சீசனில மோசமான ஒரு ராலியைக் கணக்கில சேர்க்காம விடுற விதி இருக்கோ எண்டும் பாருங்கோ.

ரெண்டும் ஏற்பாட்டாளரைப் பொறுத்தது, கேட்டு உறுதிப்படுத்துங்கோ.

நானும் உங்களைப்போலத் திருகோணமலைதான், உப்புவெளி. மார்கழி மழைக்கு யூபிஎஸ் இல்லாம ஓடாதேங்கோ. ஸ்டியரிங், ரவுட்டர் வயரையும் அதிலயே குத்துங்கோ. ஒருக்கா எனக்குத் திரை எரிஞ்சபடி இருக்க, ஸ்டியரிங் மட்டும் செத்து கார் நேர மரத்தில.