மதுக்கடைக்கு எதற்கு மாளிகை?

அன்புள்ள ஐயா,

படிப்புக்காகப் பர்மிங்காம் வந்து ஒரு வருடம் ஆகிறது. போன வாரம் நண்பர்களோடு ஆஸ்டனில் உள்ள ‘பார்டன்ஸ் ஆர்ம்ஸ்’ என்ற பப்புக்குத் தாய்லாந்துச் சாப்பாடு சாப்பிடப் போனேன். நான் குடிப்பதில்லை. சுவரைப் பார்த்தே இரண்டு மணி நேரம் போய்விட்டது. எங்கு பார்த்தாலும் வண்ணப் பீங்கான் டைல்ஸ், கருஞ்சிவப்பு மரவேலை, சித்திரக் கண்ணாடி. கவுண்டர் மேல் முக உயரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் கண்ணாடிக் கதவுகள் இருந்தன. எதற்கென்றே புரியவில்லை. 1901இல் ஒரு பீர் கம்பெனி கட்டியதாம். குடிக்க வருகிறவனுக்கு இவ்வளவு அழகு எதற்கு? அந்தக் காலத்து முதலாளிகளுக்கு இருந்த ரசனை இன்று இல்லாமல் போய்விட்டதா? படங்களை இணைத்திருக்கிறேன்.

ஆர்., பர்மிங்காம்

அன்புள்ள ஆர்.,

ரசனையைவிடப் பயத்துக்குத்தான் அந்தக் கட்டடத்தில் பங்கு அதிகம் என்று நினைக்கிறேன்.

இங்கிலாந்தில் அப்போது மதுக்கடை உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பித்துத் தந்தவர்கள் உள்ளூர் மாஜிஸ்திரேட்டுகள். தப்புத்தண்டா இல்லாமல் நடத்தினால் உரிமம் கைவிட்டுப் போகாது என்றுதான் கடைக்காரர்கள் நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கையை உடைத்தது கென்ட்மியர் என்ற ஒதுக்குப்புறக் கிராமத்தின் சத்திரம். போலீஸ் கண்காணிப்புக்கு எட்டாத தூரம், ஊருக்கும் தேவையில்லை என்று அதன் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தார்கள். ‘ஷார்ப் எதிர் வேக்ஃபீல்ட்’ என்ற அந்த வழக்கு, அன்று அந்நாட்டின் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. மறுத்தது சரி என்று 1891இல் தீர்ப்பு வந்தது.

பீர் ஆலைகளுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். 1886இல் கின்னஸ் பங்கு வெளியிட்டதற்குப் பிறகு ஆலை ஆலையாகப் பங்குச்சந்தைக்கு வந்து, திரட்டிய பணத்தில் பப்புகளை வாங்கிக் குவித்துக்கொண்டிருந்த நேரம் அது. வாங்கிய கடையில் தங்கள் பீர் மட்டுமே விற்கும், அதற்காகத்தான் வாங்கியதே. உரிமம் போனால் மிஞ்சுவது வெறும் செங்கல் சுவர். மதுவிலக்குக்காரர்களின் குரலும் ஓங்கியிருந்தது. பக்கத்துப் பர்மிங்காம் நகரில் ஒரு சமரசம் பிறந்தது: சந்துபொந்துகளில் உள்ள சின்னக் கடைகளின் உரிமங்களை ஆலைகள் ஒப்படைத்துவிட வேண்டும், கடைகள் குறைவாக இருக்கட்டும், இருப்பவை நன்றாக இருக்கட்டும். (ஆஸ்டன் அப்போது பர்மிங்காமில் சேரவில்லை. சேர்ந்தது 1911இல். ஆனாலும் காற்று ஒன்றுதான்.)

1898இல் இரண்டு ஆலைகள் இணைந்து உருவான மிட்செல்ஸ் அண்ட் பட்லர்ஸ் இந்தச் சூழலில்தான் ‘பார்டன்ஸ் ஆர்ம்’ஸைக் கட்டியது. வடிவமைத்தவர்கள் ஜேம்ஸ் அண்ட் லிஸ்டர் லீ என்ற கட்டடக்கலை நிறுவனத்தார். ‘வுட்மேன்’, ‘ஆங்கர்’ என்று பர்மிங்காமின் பல பப்புகள் அவர்கள் கைவண்ணம்தான். வெளியே சிவப்புச் செங்கல், கல் அலங்காரம், மணிக்கூண்டு. கொஞ்ச தூரத்தில் 1618க்கும் 1635க்கும் இடையில் எழும்பிய ஆஸ்டன் ஹால் மாளிகை இருக்கிறதே, பப்பும் அதன் காலத்து ஜேக்கபியன் பாணியைத்தான் எடுத்துக்கொண்டது. பார்க்கிற மாஜிஸ்திரேட்டுக்கு இது சாராயக்கடை என்ற நினைப்பு வரக் கூடாது!

டைல்ஸுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நிலக்கரிப் புகை, புகையிலைப் புகை, சிந்திய பீர் எல்லாம் சேர்ந்தால் சுண்ணாம்புச் சுவர் என்ன ஆகும்? மின்டன் ஹாலின்ஸ் என்ற டைல்ஸ் கம்பெனியின் பீங்கானை ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் போதும். நூறு வருடம் கழித்தும் அது உங்கள் கேமராவுக்குப் பளபளக்கிறது.

சரி, உங்களைக் குழப்பிய கண்ணாடிக் கதவுகளுக்கு வருகிறேன். அவற்றை ‘ஸ்னாப் ஸ்கிரீன்’ (snob screen), அதாவது அந்தஸ்து பார்ப்பவருக்கான தடுப்பு, என்பார்கள். அந்தஸ்துள்ள ஆள் ஒருவர் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறார். கவுண்டருக்கு அந்தப் பக்கம் வேறோர் அறை. அங்கே அவருடைய பட்டறைத் தொழிலாளியே குடித்துக்கொண்டிருக்கலாம். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரிய வேண்டாம். பரிமாறுகிறவருக்கும் முழுதாகத் தெரிய வேண்டாம். பூவேலை செய்த மங்கல் கண்ணாடி முகத்தை மறைத்துக்கொள்ளும். தேவைப்பட்டால் கதவைச் சுழற்றித் திறந்து கோப்பைக்குச் சொல்லிவிட்டு மூடிக்கொள்ளலாம். ஒரே பீப்பாய், ஒரே பீர். வாசல் மட்டும் தனித்தனி. பப்ளிக் பாரில் உழைப்பாளிகள், ஸ்மோக் ரூமில் கொஞ்சம் வசதியானவர்கள். அக்காலப் பப்புகளில் பலவும் இப்படித்தான் தடுப்புத் தடுப்பாக இருந்தன. ஒரு சமூகம் தன்னைப் பிரித்து வைத்துக்கொண்ட விதத்தை இவ்வளவு நேர்த்தியாகத் தச்சு வேலையில் சொன்ன கட்டடங்கள் குறைவு. அதை அழகு என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அழகுதான்.

பின்னாளில் எத்தனையோ பப்புகளில் தடுப்புகளை இடித்து ஒரே கூடமாக்கினார்கள். இது தப்பியது. இதைச் சுற்றியிருந்த வீடுகள் தப்பவில்லை. நகரச் சீரமைப்பில் அவை போக, கூட்டத்துக்காகக் கட்டிய மாளிகை அகலச் சாலையோரத்தில் தனியே நின்றது. நடுவில் மூடியும் கிடந்தது. ஓக்ஹாம் ஏல்ஸ் என்ற ஆலை எடுத்துத் திறந்த பிறகுதான் நீங்கள் சாப்பிட்ட தாய்லாந்துச் சமையல் எல்லாம்.

மறுபடி போனால் மாடிப்படியையும் பாருங்கள். அங்கே டைல்ஸில் ஒரு வேட்டைக் காட்சி தீட்டியிருக்கிறார்கள். நீங்கள் அனுப்பிய படங்களில் அது இல்லை.