நேர் மாறல்: கேள்வி பதில்

கேள்வி (எட்டாம் வகுப்பு மாணவி): ஐயா, ஒன்று கூடும்போது மற்றொன்றும் கூடினால் அது நேர் மாறல்தானே? அப்படி எழுதியதற்கு முழு மதிப்பெண் கிடைக்கவில்லை.

பதில்: கூடினால் மட்டும் போதாது, அம்மா, ஒரே மடங்கில் கூட வேண்டும். சென்னையில் 2013ஆம் ஆண்டு அரசு நிர்ணயித்த ஆட்டோ கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். (மீட்டர் போட்டார்களா என்பது வேறு கணக்கு.) தூரத்தை இரு மடங்காக்கி 3.6 கிலோமீட்டர் சென்றால் கட்டணம் 50 ரூபாய் ஆவதில்லை. 46 ரூபாய் 60 காசுதான். இரண்டும் கூடியும் இது நேர் மாறல் அன்று. தங்கத்தைப் பாருங்கள்: 1 பவுன் 8 கிராம், 5 பவுன் 40 கிராம். கிராமைப் பவுனால் எப்போது வகுத்தாலும் 8 வரும். அந்த மாறாத 8தான் விகிதசம மாறிலி. ஒய் = கே × எக்ஸ் என்ற சமன்பாட்டில் அதையே ‘கே’ என்கிறோம்.

கேள்வி (ஒரு தந்தை): ஒய், எக்ஸுக்கு நேர் மாறலில் இருக்கிறது. எக்ஸ் 6 எனில் ஒய் 15; எக்ஸ் 10 எனில் ஒய் என்ன? என் மகன் 19 என்கிறான்.

பதில்: எக்ஸ் நான்கு கூடியதால் ஒய்யிலும் நான்கைக் கூட்டியிருக்கிறார், மிகப் பலர் செய்யும் பிழை இது. ஒய் = கே × எக்ஸ் என்பதில் கூட்டலுக்கே இடமில்லை. 15ஐ 6ஆல் வகுத்தால் கே 2.5, அதை 10ஆல் பெருக்கினால் 25. தலைகீழாக 6ஐ 15ஆல் வகுத்துவிடுபவர்களும் உண்டு. கிடைத்த கே-ஐ முதல் இணையில் பொருத்தி, 6 × 2.5 = 15 வருகிறதா என்று பார்த்துக்கொண்டால் அந்தத் தவறு உடனே பிடிபடும்.

கேள்வி (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்): கே குறை எண்ணாக இருக்கலாமா?

பதில்: இருக்கலாம். ஒய் = –3 × எக்ஸ் என்பதில் எக்ஸ் கூடும்போது ஒய் குறைகிறது; ஆயினும் விகிதம் மாறாததால் நேர் மாறலே.

கேள்வி (இல்லத்தரசி): தோசையின் விட்டத்தை இரு மடங்காக்கினால் மாவும் இரு மடங்குதானே வேண்டும்?

பதில்: தடிமன் மாறாதிருந்தால் நான்கு மடங்கு வேண்டும், அம்மா. மாவு தோசையின் பரப்புக்கு நேர் மாறலில் இருக்கிறது. பரப்போ விட்டத்தின் வர்க்கத்துக்கு நேர் மாறலில் இருக்கிறது. ஒரு கரண்டியில் 15 சென்டிமீட்டர் தோசை வருமானால், 30 சென்டிமீட்டர் தோசைக்கு நான்கு கரண்டி ஊற்றுங்கள்.