மின்சாரக் காரில் புதிய வேரியன்ட் விட்டால் மறுபடியும் அரசு ஒப்புதல் வாங்க வேண்டுமா?

எது மாறியது என்பதைப் பொறுத்தது. வண்ணமும் ஸ்பீக்கரும் மாறினால் யாரும் கேட்கப் போவதில்லை. பேட்டரியைத் தொட்டால்தான் எங்கள் ஹோமோலகேஷன் (அரசு ஒப்புதல் வாங்கும் வேலை) ஆட்களுக்கு வேலை.

ஐரோப்பாவில் ஒரு வகை, அதற்குள் வேரியன்ட், அதற்குள் வெர்ஷன் என்று மூன்று அடுக்கு. சின்ன மாற்றமென்றால் இருக்கிற ஒப்புதலையே நீட்டித்துக் கொடுப்பார்கள். பேட்டரி பேக்கின் கட்டமைப்போ செல்லின் வேதியியலோ மாறினால் அப்படித் தப்பிக்க முடியாது. கொள்ளளவு அதேதானே என்று வாதாடிப் பயனில்லை. வாங்குபவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே வண்டி, சோதனைக்கூடத்துக்கு வேறு வண்டி.

அந்தச் சோதனைகளுக்கு ஓர் உதாரணமாக, மின்வண்டிப் பாதுகாப்புக்கான ஐ.நா. ஒழுங்குமுறை 100-இல் உள்ள தீச் சோதனையைச் சொல்கிறேன். தட்டில் பெட்ரோலை எரியவிட்டு, பேட்டரியை 70 வினாடி நேரடியாகத் தீயில் காட்டுவார்கள். அப்புறம் நடுவில் செங்கல் தடுப்பை வைத்து இன்னும் 60 வினாடி. பேட்டரி கருகிப் போனாலும் பாஸ்தான், வெடிக்கக் கூடாது, அவ்வளவே! அதே விதியின் பிந்தைய திருத்தத்தில் இன்னொன்று சேர்ந்தது: ஒரு செல் சூடேறிப் பக்கத்துச் செல்களுக்குப் பரவினால், ஆபத்து பயணிகளை எட்டுவதற்கு 5 நிமிடம் முன்பே எச்சரிக்கை வர வேண்டும். என்னைக் கேட்டால் இதுதான் உருப்படியான விதி.

அமெரிக்காவில் கதை வேறு. பாதுகாப்புக்கென்று முன்கூட்டிய அரசு ஒப்புதலே கிடையாது, விதிப்படிதான் செய்திருக்கிறோம் என்று நிறுவனமே சான்று கொடுக்கும். ஆனால் சுற்றுச்சூழல் முகமையான ஈ.பி.ஏ.வின் சான்றிதழை ஒவ்வொரு மாடல் ஆண்டுக்கும் வாங்கியாக வேண்டும். ரேஞ்ச் (ஒரு முழுச் சார்ஜில் ஓடும் தூரம்) சோதனையையும் பெரும்பாலும் நிறுவனமே செய்து கொடுக்கும், சிலவற்றை மட்டும் ஈ.பி.ஏ. தன் கூடத்தில் மறுபடி ஓட்டிப் பார்க்கும். கூடத்தில் கிடைக்கும் எண்ணை வழக்கமாக 0.7-ஆல் பெருக்கித்தான் புதுக் காரின் ஜன்னல் ஸ்டிக்கரில் போடுவார்கள்.

சக்கரம் மாறினால்கூட அந்த எண் ஆட்டம் காணும். 2022 டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டுக்கு 19 அங்குலச் சக்கரத்தில் 396 மைல், 21 அங்குலத்தில் 348. மோட்டாரும் பேட்டரியும் அதேதான்.

அறிவிப்புக்கு முன்பே புது மாடல்கள் ‘கசிவதும்’ இந்த ஒப்புதல் நடைமுறையால்தான். சீனத் தொழில்துறை அமைச்சகம் ஒப்புதல் பட்டியலில் படம், நீள அகலம், எடை, மோட்டார் திறன் எல்லாவற்றையும் போட்டுவிடும். பத்திரிகையாளர்கள் அங்கேதான் காத்திருக்கிறார்கள்.