ஸ்டெம் செல்லிலிருந்து மாதிரிக் கரு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

சுண்டெலியின் ஸ்டெம் செல்களை, அதாவது உடலின் பல வகை செல்களாக மாறக்கூடிய செல்களை, வைத்துக் கருவைப் போன்ற மாதிரிகளை உருவாக்கிக் கருவின் முதல் நாட்களை ஆராய்வதுதான் என் வேலை. வந்த கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

நிஜக் கருவையே ஆராயலாமே, மாதிரி எதற்கு?

ஆராயலாம்தான், ஆனால் பார்க்க வேண்டிய நேரத்தில் அது கண்ணில் படாது. மனிதக் கரு ஏறக்குறைய ஏழாம் நாள் கருப்பைச் சுவருக்குள் புதையத் தொடங்குகிறது, தலை எந்தப் பக்கம், முதுகு எந்தப் பக்கம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான் முடிவாகிறது. பல கருக்கள் யாருக்கும் தெரியாமலே கலைந்து போவதும் இந்தச் சமயத்தில்தான். ஏன் கலைகிறது என்று கேட்டால் நம்மிடம் முழுப் பதில் இல்லை, எனக்கு இந்தத் துறையில் பிடிப்பு வந்ததே அதனால்தான்.

செல்களை அச்சில் வார்ப்பது மாதிரியா செய்கிறீர்கள்?

இல்லை, உருவத்தை நாங்கள் கொடுப்பதே இல்லை. கேஸ்ட்ருலாய்டு என்ற மாதிரியைச் சொல்கிறேன். 96 குழிகள் உள்ள தட்டில் குழிக்குச் சுமார் 300 செல்களை விடுவோம், அவை தாமாக ஒட்டிக்கொண்டு ஓர் உருண்டையாகும். இரண்டு நாள் கழித்து, செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் விண்ட் என்னும் சமிக்ஞையைத் தூண்டும் மருந்தை ஒரே ஒரு நாள் கொடுத்துவிட்டு நீக்கிவிடுவோம். மருந்து எல்லாப் பக்கமும் ஒரே அளவாகத்தான் படுகிறது. ஆனாலும் ஐந்தாம் நாள் பார்த்தால் உருண்டை ஒரு பக்கம் மட்டும் நீண்டு, முளைவிட்ட விதை போல இருக்கும், அந்த முளையின் நுனிதான் வால் பக்கம்! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. ஆனால் ஒன்று, இதில் மூளைப் பகுதி உருவாகாது, நஞ்சுக்கொடிக்கான செல்களும் கிடையாது.

பிளாஸ்டாய்டு என்பது வேறா?

வேறு. அது கருப்பையில் பதிவதற்கு முந்தைய கருவைப் போன்றது. சுண்டெலி செல்களில் 2018-லும் மனித செல்களில் 2021-லும் வந்தது. சுண்டெலியின் கருப்பையில் வைத்தால் கருப்பைச் சுவர் நிஜக் கருவுக்குக் காட்டும் எதிர்வினையைக் காட்டும், ஆனால் குட்டியாக வளராது.

2022-ல் இதயம் துடிக்கும் கருவையே செய்துவிட்டதாகப் படித்தேனே?

உண்மைதான். இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தில் ஜேக்கப் ஹன்னா குழு சுண்டெலி செல்களைச் சுழலும் குடுவையில் வளர்த்து, எட்டரை நாள் கருவுக்கு ஒப்பான நிலைவரை கொண்டுவந்தது. ஆனால் தொடங்கியதில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. மீதி ஏன் நின்றுபோயின என்று பார்ப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சுண்டெலியில் கண்டது மனிதருக்குப் பொருந்துமா?

ஓரளவுக்கு. தலைப் பக்கம், முதுகுப் பக்கம் முடிவாகும் அந்த வயதில் சுண்டெலிக் கரு கிண்ணம் போலக் குழிந்திருக்கும், மனிதக் கரு தட்டையான வட்டு. அதனால்தான் மனித செல் மாதிரியும் தேவைப்படுகிறது.

அப்படியானால் நாளை மனிதக் குழந்தையையும் இப்படி வளர்ப்பார்களா?

பயம் நியாயமானது. மனித மாதிரி எதையும் எந்தக் கருப்பையிலும் வைக்கக் கூடாது என்று சர்வதேச ஸ்டெம் செல் ஆய்வுச் சங்கத்தின் நெறிமுறை தெளிவாகச் சொல்கிறது. நானும் அதே பக்கம்தான், அதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.