இரவில் பையனை போலீஸ் நிறுத்தினால்

சகோதரி, டியூஷன் முடிந்து இரவு 10 மணிக்குக் காட்பாடியில் நடந்து வந்த உங்கள் 16 வயது மகனை, "இந்த நேரத்தில் சுற்றக் கூடாது" என்று காவல் நிலையத்தில் உட்கார வைத்தார்கள் என்று படித்ததும் மனசு கஷ்டப்பட்டது. அமெரிக்க நகரங்கள் பலவற்றில் சிறுவர்களுக்கென்றே இரவு ஊரடங்கு உண்டு. நம் ஊரில் வயதைக் காட்டி அப்படித் தடுக்கச் சட்டம் இல்லை.

ரோந்து போலீஸ் பெயர், விலாசம் கேட்டால் பையன் பொறுமையாகச் சொல்லட்டும். குற்றச்சாட்டே இருந்தாலும், 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி அவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, உங்களுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நல காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், அவரைக் கேளுங்கள். மறுத்தால் உடனே குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். அப்புறம், பைக் மட்டும் கொடுத்தனுப்பாதீர்கள், அதற்கு 25,000 ரூபாய் அபராதம் உங்கள் மேல்தான் விழும்.