பழைய போனில் லினக்ஸ்: இந்த வாரக் கேள்விகளும் என் பதில்களும்

தக்கலை, கல்லூரி மாணவர்: அண்ணே, ரெட்மி நோட் 7 சும்மா கிடக்கு. உபுண்டு டச் போட்டா ஜியோவில் பேச முடியுமா?

தம்பி, போடுறதுக்கு முன்னாடியே இதைக் கேட்டது நல்லது. போனுக்கான லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு டச்சை 2013-இல் அறிவித்தது கனோனிக்கல் நிறுவனம். 2017-இல் அவர்கள் கைவிட்டதும் யூபிபோர்ட்ஸ் தன்னார்வலர்கள் எடுத்து நடத்துகிறார்கள். உங்கள் மாடலுக்கும் அவர்களிடம் பதிப்பு உண்டு. சிக்கல் வோல்ட்இ, அதாவது 4ஜி வழியாகவே பேசும் வசதி. ஆண்ட்ராய்டு போன்களில் 4ஜி அழைப்பைக் கையாளும் மென்பொருள் பெரும்பாலும் சிப் நிறுவனத்தின் மூடிய சரக்கு. உபுண்டு டச் ஆண்ட்ராய்டின் கெர்னலையும் (இயங்குதளத்தின் அடிப்பகுதி) டிரைவர்களையும் (பாகங்களை இயக்கும் மென்பொருள்) கடன் வாங்கி ஓடினாலும், இந்தப் பகுதியை மாடலுக்கு மாடல் தனியாக இணைக்க வேண்டும். இணைக்காத போனில் ஏர்டெல் சிம் போட்டால், அழைப்பு வந்ததும் மேலே 4ஜி என்றிருந்தது 2ஜி ஆகும். பேசி முடியும்வரை நெட் நிற்கும், ஆனால் பேசலாம். ஜியோவுக்கு 2ஜியே கிடையாது. நெட் ஓடும், அழைப்பு மட்டும் வராது. அதனால் யூபிபோர்ட்ஸ் தளத்தில் உங்கள் மாடலின் பக்கத்தில் வோல்ட்இ வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள். வேறு இயங்குதளம் ஏற்ற, போனைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரின் பூட்டைத் திறக்க வேண்டும். திறந்தால் போனில் உள்ளதெல்லாம் அழியும். படங்களை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள்.

அதே மாணவர்: டிவியில் மாட்டி கம்ப்யூட்டராக்கலாமா?

புளூடூத் கீபோர்டும் மவுசும் இணைத்தால் ஜன்னல்களோடு டெஸ்க்டாப் போலவே மாறும். எனக்கு இதில் மிகவும் பிடித்ததே இதுதான். ஆனால் கேபிள் வழியாக டிவிக்குப் படம் போக, டைப்-சி துளையில் டிஸ்ப்ளேபோர்ட் வசதி வேண்டும். விலை குறைந்த போன்கள் பெரும்பாலானவற்றில் அது இல்லை.

மார்த்தாண்டம், கடை வைத்திருப்பவர்: ஜிபே ஓடுமா?

கடைப் பணம் வரும் போனில் வேண்டாம், அண்ணாச்சி. மாற்றிய போன் என்று தெரிந்தால் வங்கிச் செயலிகள் பல திறக்கவே மறுக்கும். இன்று ஓடுவது நாளை அப்டேட்டில் நிற்கலாம். இரண்டாவது போனில் தாராளமாகப் போடுங்கள்.

தூத்தூர், விசைப்படகுத் தொழிலாளர்: பழைய போனைக் கடலில் மேப் பார்க்க வைக்கலாமா?

வைக்கலாம் அண்ணே, இதற்கு ஆண்ட்ராய்டின் திறந்த மூலக் குறியீட்டில் கட்டிய லினேஜ் ஓஎஸ் போதும். எஃப்-டிராய்டு என்ற செயலிக் கடையிலிருந்து ஆஸ்மேண்ட் என்ற மேப் செயலியை ஏற்றி, வரைபடத்தைக் கரையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ்ஸுக்கு டவர் வேண்டாம். ஆனால் நெட் உதவி இல்லாமல் முதல்முறை இடம் பிடிக்க நேரம் எடுக்கும், அதனால் கிளம்பும் முன் ஒருமுறை பிடிக்க விடுங்கள். படகில் உள்ள ஜிபிஎஸ் கருவிக்கும் வயர்லெஸ்ஸுக்கும் இது மாற்று இல்லை. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், அவற்றைக் கழற்றிவிடாதீர்கள்.

குளச்சல், ஆசிரியை: பார்ஓஎஸ் என்கிறார்களே, அதுவும் லினக்ஸா?

ஆண்ட்ராய்டின் திறந்த மூலக் குறியீட்டின் மேல் கட்டியது, டீச்சர். 2023 ஜனவரியில் சென்னை ஐஐடியின் அரவணைப்பில் வந்தது. ஆண்ட்ராய்டுக்கு அடியில் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். ஆண்ட்ராய்டே கலக்காதது வேண்டுமென்றால் 2017-இல் தொடங்கிய போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்ஸைப் பாருங்கள். ஒரு போன் பத்து வருடம் உழைக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அன்றாடப் பயன்பாட்டுக்கு இப்போதைக்குச் சொல்ல மாட்டேன். பள்ளியில் பிள்ளைகள் பழகிப் பார்க்க அருமையானது.