அடைப்புக்குறிக்குள் இருக்கும் 11 லட்சம்

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் எட்டு ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். எஃப்டியில் 14 லட்சம் இருக்கிறது. பெங்களூரு மைத்துனர் 22 லட்சத்துக்கு ஒரு 1973 எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் வருகிறது, ஐம்பது வருடம் தாண்டிய பழைய வண்டிகளுக்கான ‘விஏ’ வரிசையில் பதிவான வண்டி, பாதிப் பங்கு போடுங்கள் என்கிறார். எனக்கு இசுசு வி-கிராஸ் பிக்கப் மேல் கண். எல்லாம் சேர்த்து 30 லட்சம். 8 லட்சம் கையிலிருந்து, மீதி லோன். சும்மா நிற்கும் நாளில் வாடகைக்கு விடலாம், வரிச் சலுகையும் உண்டாம். எது நல்ல முதலீடு? (மைத்துனரின் கடைக்காக மனைவி நகையை வைத்து வாங்கிய 11 லட்சம் நிற்கிறது. மூன்று வருடமாக 12% வட்டி கட்டித் திருப்பி வைக்கிறேன்.)

பதில்: அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்களே, எனக்கு உங்கள் கடிதமே அதுதான்.

11 லட்சத்துக்கு 12% என்றால் வருடம் 1,32,000. மூன்று வருடத்தில் சுமார் 4 லட்சம் போயிருக்கிறது, அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. அதே நேரம் உங்கள் பணம் எஃப்டியில் 7 சதவீதத்துக்குத் தூங்குகிறது. இந்த ஐந்து சதவீத வித்தியாசத்தில் வருடம் 55,000 ரூபாயை நீங்களே வங்கிக்குத் தூக்கிக் கொடுக்கிறீர்கள். இப்போது அதே மனிதர் கார் என்று பெயர் மாற்றி இன்னொரு 11 லட்சம் கேட்கிறார். கடைப் பணம் எப்போது திரும்பும் என்று நீங்கள் கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வரி இல்லை.

சரி, வண்டிகளுக்கு வருவோம். எம்ஜிபி அழகான கார்தான். அதன் 1,798 சிசி இன்ஜின், நம் பழைய அம்பாசிடரில் இருந்த 1,489 சிசி இன்ஜினுக்கு அண்ணன் முறை. அனுபவமுள்ள மெக்கானிக்குக் கை பழகியதுதான். துருதான் எமன். கதவுக்குக் கீழே இருக்கும் தகடு அரித்திருந்தால் பெயின்ட் அதை மறைத்துவிடும். 2021 விதிப்படி ‘விஏ’ வண்டியை அன்றாடம் ஓட்டவும் கூடாது. கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடப் போவது, அவ்வளவுதான். வருமானம் தராத பொருள், அதுவும் பெங்களூரு ஷெட்டில், ஆர்சி அவர் பெயரில். இதற்குப் பெயர் பங்கா?

பிக்கப் கணக்கு இன்னும் சுலபம். 22 லட்சம் லோன், 9.5%, ஐந்து வருடம் என்றால் மாதம் சுமார் 46,000 டியூ. இப்போது தேங்காய் ஏற்ற மாதம் எட்டு நடை டெம்போ எடுத்து, நடைக்கு 1,500 கொடுத்தாலும் 12,000தான் வரும். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விட முடியாது. வரிச் சலுகை என்று சொன்னவர் யாரோ! விவசாய வருமானத்துக்கு வருமான வரியே இல்லை, வண்டியின் தேய்மானத்தை, அதாவது வருடா வருடம் குறையும் மதிப்பை, எதில் கழிப்பீர்கள்?

நாளை எஃப்டியில் 11 லட்சத்தை எடுத்து நகையைத் திருப்புங்கள். முன்கூட்டி எடுப்பதற்கு ஒரு சதவீதம் வரை பிடிப்பார்கள், பரவாயில்லை. நகை வீட்டுக்கு வந்ததும் கடைக் கணக்கை மைத்துனரிடம் உங்கள் மனைவியே கேட்கட்டும். நீங்கள் கேட்டால் சண்டை, தங்கை கேட்டால் பேச்சு.

அப்புறம் காரை அவரே வாங்கினால், ஒரு நாள் பெங்களூரு போய் ஓட்டிப் பாருங்கள். பெட்ரோல் பங்க் வரை போகச் சட்டமே அனுமதிக்கிறது.